பகல் துப்புரவு

ஒன்பதாவது மாடியில் ஒரு விளக்கும் எரியவில்லை. மூன்று மணி வெயில் கண்ணாடி வழியே இறங்கி, தரைவிரிப்பில் கிடக்கும் பொடித் தூசியைக்கூடக் காட்டிக்கொடுக்கிறது. இராத்திரியெல்லாம் விளக்கெரியும் செலவை மிச்சம் பிடிக்க, கட்டட நிர்வாகத்தார் ஒரு மாதமாகத் துப்புரவு வேலையைப் பகலுக்கு மாற்றிப் பார்க்கிறார்கள். இன்று கடைசி நாள். தொந்தரவு என்று இந்த மாடிக்காரர்கள் எழுதிக்கொடுத்துவிட்டால், இங்கே கூட்டிப் பெருக்கும் அவள் மறுபடி இரவு வேலைக்குப் போக வேண்டும். மகள் மறுபடி பக்கத்து வீட்டில் தூங்க வேண்டும். அதனால் தூசி உறிஞ்சும் இயந்திரத்தை, அதற்கே வலித்துவிடும் என்பதுபோல மெல்லத் தள்ளிக்கொண்டு வருகிறாள். ஜன்னலோர மேசைப் பெண் போனில் பேசுவதைப் பார்த்ததும் சட்டென்று சுவிட்சை அணைக்கிறாள். அந்தப் பெண் திரும்பிப் பார்க்கிறாள். “ஏன்க்கா நிறுத்திட்டீங்க?” “நீங்க பேசிட்டிருக்கீங்களே மேடம்.” “எங்க அம்மாதான். அவங்க பேசி முடிக்கறதுக்குள்ள நீங்க மொத்த பில்டிங்கையே கூட்டிடலாம். போடுங்கக்கா.” சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றி, வீட்டில் செய்வதுபோல இரண்டு கால்களையும் நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொள்கிறாள். இயந்திரம் உறுமத் தொடங்குகிறது. போனில் அம்மா ஏதோ கேட்கிறாள் போலிருக்கிறது. “ஆபீஸ்லதாம்மா இருக்கேன். அக்கா பெருக்குறாங்க. நீ கொஞ்சம் சத்தமாப் பேசு.”