வெள்ளிக்கிழமை நகம்

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா வீட்டுக்குள்ள நகம் வெட்டுவியாடீ? லட்சுமி வெளியே போயிடுவா!" என்று அம்மா கத்த, "பூனை நகம்மா அது!" என்று பானுரேகா பதிலுக்குக் கத்தியது எதிர் ஃப்ளாட் வரை கேட்டது. ஒரு நகம்கூட வெட்டுமுன் அம்மா நகவெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். பிஸ்தா யார் வந்தாலும் மடியேறும் பூனை. போன தடவை பெண் பார்க்க வந்த அத்தைக்காரியின் பட்டுப்புடவையை அது பிறாண்டியதோடு அந்தச் சம்பந்தம் போயிற்று. இந்த வீட்டைவிட்டுக் கிளம்ப முப்பத்துநாலு வயது பானுவுக்குக் கல்யாணத்தைத் தவிர வேறு வழி தெரியவில்லை. ஸ்பூனைத் தட்டினால் மடியிலிருந்து இறங்க அதைப் பழக்கிப் பார்த்தாள். பூனை கொட்டாவி விட்டது. ஆகவே இன்று மாப்பிள்ளை வீட்டார் வரும் நேரத்துக்கு அதைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். காலிங் பெல்லுக்கு மிரண்ட பூனை, எல்லா நகத்தையும் அவள் பட்டுப்புடவையில் மாட்டிக்கொண்டது. ஒன்றை எடுத்தால் இன்னொன்று மாட்டியது.

"பானு, காபி எடுத்துட்டு வாம்மா" என்று அம்மா தேனொழுகக் கூப்பிட்டாள்.

எழுந்தால் புடவை கிழியும். குரல் கொடுத்தால் பூனையும் குரல் கொடுக்கும். அம்மா இன்னொரு முறை கூப்பிட்டாள். பிறகு தங்கை சுபாவின் கொலுசு, காபித் தட்டோடு ஹாலுக்குப் போயிற்று.

"இதுதான் பொண்ணா? லட்சணமா இருக்காளே!" என்றது ஒரு புதுக்குரல்.

கதவில் காதை வைத்துப் பானு காத்திருந்தாள். "இல்லை" என்று அம்மா சொல்லவில்லை.

தையில் சுபா கல்யாணமாகி ஓசூர் போனாள். மாப்பிள்ளைக்குப் பூனை என்றால் உயிராம். மறுவீட்டுக்கு வந்தவர், பிஸ்தாவையும் கூடையில் வைத்துக் கொண்டுபோய்விட்டார்.