முத்திரையில் செர்வா

கானாவின் குமாசிச் சந்தை அச்சுக்கடையில், சின்னம் வரையும் ஒஃபோசுவின் கணினித் திரையில் செத்துப்போன மனைவி செர்வா சிரிக்கிறாள். உயிரோடு சிரித்தபோது மூன்று தெரு தள்ளி மேயும் ஆடுகள்கூடத் திரும்பிப் பார்க்கும். அவள் சுட்ட ரொட்டிக்கு அந்த முகம்தான் சின்னம். ரொட்டிக்கடையை இப்போது நடத்தும் செர்வாவின் தங்கை போக்குவா, அதையே கட்டைவிரல் அளவு முத்திரையாக, ஒற்றைக் கறுப்பில் கேட்கிறாள். "ஊருக்கெல்லாம் 'எடு, இன்னும் எடு'ன்னு உயிரை வாங்குவீங்களே அத்தான், இப்ப எடுங்க." தலைத்துணி போகிறது. தோடு போகிறது. "கண்ணுமா?" "சின்னதாக்கினா கண்ணு வெறும் அழுக்குன்னு சொன்னது நீங்கதானே?" என்கிறாள் போக்குவா. கண்ணும் போகிறது. மிச்சம் ஒரு வளைவு, நடுவே முன்பல் சந்து. எந்தச் சின்னத்தையும் அச்சிட்டு, தெருவில் போகிறவர்களுக்குப் புரிகிறதா என்று வாசலில் தூக்கிப் பிடிப்பது ஒஃபோசுவின் வழக்கம், பிடிக்கிறான். எதிர்ச்சாரியில் தக்காளிக்கூடை சுமந்து போகிறவள் சட்டென்று நின்று, "அய்யோ, நம்ம செர்வா!" என்று கத்துகிறாள். ஆப்பிரிக்காவிலேயே இதைவிட நல்ல சின்னம் கிடையாது. ஒஃபோசு உள்ளே வந்து, அழித்ததை மீட்கும் பொத்தானை அழுத்துகிறான். கண் வருகிறது, தோடு வருகிறது, தலைத்துணி வருகிறது. அழுத்திக்கொண்டே இருக்கிறான். அதற்குமேல் எதுவும் வரவில்லை.