கரடிக்கும் காது உண்டு

வக்கீலம்மா பொம்மைக் கரடியைக் குப்புறப் போட்டு, அதன் முதுகுத் தையலை விரித்துப் பார்த்தார். பஞ்சுக்குள் விரல்நகம் அளவில் ஒரு மைக். அதை ஒட்டி ஒரு மெமரி கார்டு.

எதிரே இருந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு இருப்புக்கொள்ளவில்லை.

மனைவி பிரிந்துபோய் ஒரு வருடம். சனி, ஞாயிறு மட்டும் ஏழு வயது மகள் இவரிடம் வருவாள். அவள் இடுப்பில் ஏறி இந்தக் கரடியும் வரும். நேற்று தையல் விட்டுப் பஞ்சு எட்டிப் பார்க்க, ஊசியும் நூலுமாக உட்கார்ந்தவர் கண்ணில் இது பட்டது.

"என் வீட்டுக்குள்ளயே வேவு பாத்திருக்கா மேடம். விடவே கூடாது."

ஒருவருக்குத் தெரியாமல் அவர் வீட்டுப் பேச்சைப் பதிவு செய்வது தப்புதான் என்றார் வக்கீலம்மா. அதுவும் குழந்தையின் பொம்மையை வைத்து என்றால் நீதிபதிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். மகளை ஒரேயடியாக இவரிடமே விட்டாலும் விடலாம்.

மனு எழுதுமுன் உள்ளே இருப்பதைக் கேட்டாக வேண்டும். நிஜத்தில் அவருக்கும் ஆவல் தாங்கவில்லை. கார்டைக் கணினியில் செருகினார்.

பாத்திரம் கழுவும் சத்தம். டிவி. கதவு சாத்தும் சத்தம்.

பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு கட்டைக் குரல்.

"உங்கம்மா மாதிரி எனக்குத் தலை பின்ன வருமா? அவ இல்லாம வீடு வீடாவே இல்லடி."

வக்கீலம்மா நிறுத்திவிட்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக மெக்கானிக்கைப் பார்த்தார். இப்படி உருகுகிறவருக்கா வழக்கு?

மெக்கானிக் திருதிருவென்று விழித்தார். பிரிந்த நாளிலிருந்து மனைவியின் பேச்சையே வீட்டில் எடுத்ததில்லை அவர்.

"சத்தியமா நான் இல்ல மேடம்."

அப்படியானால் அந்த வீட்டில் வேறு ஆண் யார்?

சத்தத்தைக் கூட்டி மறுபடி ஓடவிட்டார். அதே செருமல். அதே கட்டைக் குரல். கடைசி வார்த்தையில் மட்டும் அது லேசாகக் கீச்சிட்டது.

உடனே, மைக்குக்கு வெகு பக்கத்தில், ஒரு சின்னக் கிசுகிசுப்பு.

"அம்மா, அப்பா சொன்னது கேட்டுச்சா?"

மகளின் குரல். சற்றுமுன் கீச்சிட்டதும் அதே குரல்தான்.

வக்கீலம்மா பேனாவைத் திறந்தார். குரல் யாருடையது என்று மனுவில் எழுத வேண்டுமே.

மெக்கானிக் கார்டைப் பிடுங்கி எடுத்தார். கரடியை மடியில் போட்டு, அது இருந்த இடத்திலேயே திரும்பச் செருகினார்.

"நான் சொன்னதாவே இருக்கட்டும் மேடம்."