பெட்டி கேஸும் சில்லி மேட்டரும்

ஒரு வக்கீல் வீட்டு வாசலில் கூண்டுக்கிளி ஒன்று தொங்கியது. அற்ப விஷயத்தை அற்பம் என்று தமிழில் சொல்வது அதற்குக் கௌரவக் குறைவு. கீரியைக் கண்டு அது ஒரு கத்துக் கத்தினால் போதும், வீட்டு ஆட்கள் கம்பெடுத்து ஓடிவருவார்கள். அதை நம்பித்தான் செவலைக்கோழி தன் ஏழு குஞ்சுகளையும் அங்கே மேயவிட்டிருந்தது.

ஒருநாள் கீரி ஒரு குஞ்சைக் கவ்விக்கொண்டு போனது. கிளி கத்தவில்லை.

"பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க, துரை?" என்று கோழி அழுதது.

"இது வெறும் பெட்டி கேஸ்," என்றது கிளி.

குஞ்சு ஏதோ பெட்டிக்குள் இருக்கிறதாக்கும் என்று நம்பிய கோழி, அந்த வீட்டுப் பெட்டிகளை எல்லாம் பொழுது சாயும்வரை கொத்திக் கொத்திப் பார்த்தது.

மறுநாள் இன்னொரு குஞ்சும் போயிற்று.

"இப்பவாவது வாயைத் திறக்கக் கூடாதா, துரை?"

"சில்லி மேட்டருக்கெல்லாம் நான் கத்துறதில்லை."

சில்லி என்ற சொல் கோழிக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலறையிலிருந்து, சிக்கனோடு சேர்ந்தே காதில் விழும் சொல் அது.

"அடப்பாவி, மசாலா வரைக்கும் பேசி முடிச்சிட்டாங்களா!" என்று பதறி, மிஞ்சிய ஐந்தையும் கூட்டிக்கொண்டு அப்போதே அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது.

குஞ்சு கிடைக்காத கீரி, அன்று மாலை கூண்டின்மேல் தாவியது.

"ஐயோ, அம்மா! கொல்றானே! யாராவது ஓடி வாங்களேன்!"

வேலிக்கு அப்பால் கோழி தலையைத் தூக்கிக் கேட்டது.

"அட, துரைக்கு நம்ம பாஷை எவ்வளவு நல்லா வருது!" என்று குஞ்சுகளிடம் சொல்லிவிட்டு, மறுபடி குப்பையைக் கிளறத் தொடங்கியது.