மாமனாருக்குக் கேட்ட சத்தம்

கிட்ட வாங்க கண்ணுங்களா, காதையும் கூடவே கொண்டு வாங்க. ஒரு ஸ்பீக்கர் கதை சொல்கிறேன். சத்தம் வந்தால் நீங்களே சொல்லுங்கள்.

தொண்ணூற்றெட்டு, சித்திரை வெயில். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் மாணிக்கவாசகம் வீட்டு வாசலில் தெருவே கூடி நின்றது.

உமாபதி அந்த வீட்டு மருமகன். மாமனார் தறியில் நெய்பவன். உடம்பு தறிக்குழியில், மனசு ரேடியோ ரிப்பேரில். கடை போடுகிறேன் என்று ஏழு வருஷம் கேட்டான். மாமனார் ஏழு வருஷமும் இருமினார்.

கடைசியில் ஒரு பந்தயம் வைத்தார். சப்-வூஃபர் ஒன்றை முழுசாகத் தன் கையாலேயே செய்ய வேண்டும். தும்மென்று நெஞ்சில் இடிக்க வேண்டும். இடித்தால் கடை. இடிக்காவிட்டால் ஆயுசுக்கும் தறிக்குழி. ஸ்பீக்கர் பேச்சே கூடாது.

உமாபதி செய்தான். பழைய அலுமினியச் சட்டி கூடானது. செத்துப்போன இரண்டு ஸ்பீக்கரின் காந்தங்கள் அதற்கு அடியில். தறியில் பாவு நூலுக்குப் போடும் கஞ்சியில், புடவை டிசைனுக்குத் துளை போட்ட தறி அட்டையை ஊறவைத்துக் கூம்பாக்கினான். விளிம்புக்குச் சைக்கிள் டியூப்.

காந்தத்துக்கு நடுவே துள்ள ஒரு கம்பிச் சுருள் வேண்டும். செம்புக் கம்பி சுற்றினான். இரண்டு முறை கருகியது. வெள்ளியில் கரண்ட்டு இன்னும் சுகமாக ஓடும் என்று எங்கோ படித்திருந்தான். காஞ்சிபுரத்துக்காரனுக்கு வெள்ளிக் கம்பி என்றால் வேறென்ன? ஜரிகைதான்.

பெண்டாட்டி வடிவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டான். அவள் பீரோ சாவியைக் கொடுத்தாள்.

அவளுடைய முகூர்த்தப் பட்டின் முந்தானையில் நாலு விரல் அகலத்துக்கு ஜரிகையை உருவினான். கரண்ட்டு ஓடுகிறதா என்று பல்பு வைத்துச் சோதிக்கப் போனவனை, “எங்கப்பா நெய்ஞ்சதையா?” என்று அவள் முறைத்தாள். பல்பைக் கீழே வைத்துவிட்டு, வார்னிஷ் பூசிச் சுற்றினான்.

சவுண்டு சர்வீஸ் முனிரத்தினம் ஆம்ப்ளிஃபயர் கொண்டுவந்திருந்தார். சட்டியைக் குனிந்து பார்த்தார்.

“இன்னாபா உமாபதி, பாட்டு கேக்கவா, பஜ்ஜி சுடவா?”

தெரு சிரித்தது. உமாபதி ஸ்விட்சைப் போட்டான்.

ஒன்றுமில்லை.

வால்யூமைக் கடைசிவரை திருகினான். கூம்பு அசையவில்லை. எதிர்வீட்டுச் சேவல் கூவியது. அன்றைய பெரிய சத்தம் அதுதான்.

மாமனார் நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்தார். மீசையில் பாதிச் சிரிப்பு. “வா மாப்ள, தறி காத்துக்கினு இருக்குது.”

உமாபதிக்குக் கண் கலங்கியது. பேட்டரியையும் டார்ச் பல்பையும் எடுத்துச் சுருளின் இரு முனைகளில் வைத்தான். எரியவில்லை. மிச்சமிருந்த ஜரிகையில் ஒரு சாண் துண்டு எடுத்து வைத்தான். அதிலும் எரியவில்லை.

அந்தத் துண்டை நகத்தால் சுரண்டினான்; மினுக்கு உரிந்து வந்தது. பிறகு மாமனார் காதருகே போனான்.

“மாமா, வெள்ளின்னா கரண்ட்டு போவணும். இது பிளாஸ்டிக்கு.”

“எவன்கிட்ட ஏமாந்த?”

“உங்ககிட்டதான். வடிவு முகூர்த்தப் பட்டு, மாமா.”

அசல் ஜரிகை, ஏகாம்பரநாதர் மேல் ஆணை என்று, கல்யாணப் பந்தலில் சம்பந்திகள் முன்னால் அவர் விரித்துக் காட்டிய புடவை அது.

மாமனார் உட்கார்ந்துவிட்டார். தெருவைப் பார்த்தார். வாசற்படியில் நின்ற மகளைப் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நெஞ்சில் கை வைத்தார்.

“கேட்டுச்சுபா! தும்முன்னு, இங்க வந்து இடிச்சுது.”

“எனக்குக் கேக்கலையே!” என்றார் முனிரத்தினம்.

“நாள்பூரா குழாய் ஸ்பீக்கர் கீழ நிக்கிற காது, உனக்கு எங்கபா கேக்கும்? மாப்ள, நாளைக்கே கடையைப் போடு.”

போட்டான். ஐயம்பேட்டை பஸ் ஸ்டாப் பக்கத்தில். செம்புக் கம்பியைக் கருகாமல் சுற்றவும் கற்றுக்கொண்டான்.

கட்டினவனை அவன் இவன் என்கிறாளே என்று பார்க்காதீர்கள். சாவி கொடுத்த வடிவு நான்தான்.

கல்யாணமான முதல் தீபாவளியிலேயே முந்தானை ஜரிகையில் ஒரு இழை அகல் சுடரில் பட்டது. சுருண்டு, பிளாஸ்டிக்காக நாறியது. நான் யாரிடமும் சொல்லவில்லை. புடவையைப் பத்திரமாக மடித்து வைத்தேன். அன்று பல்பு வைக்க விடாததும் அதனால்தான்.

உங்கள் வீட்டுப் பீரோவில் இருப்பதெல்லாம் அசலாகவே இருக்கட்டும், கண்ணுங்களா. ஒன்றிரண்டு போலி கலந்திருந்தால், அதுவும் நல்ல வேளைக்கு உதவட்டும்.