ஹவில்தார் மேல் என்ன குற்றம்?

கொச்சங்காடி வாசகசாலைக் கூட்டத்தில் முன்னாள் ஹவில்தார் வீரபாண்டி முழங்கினார்.

"ராணுவ கோர்ட்டுல நடக்குறது ஜனங்களுக்குத் தெரியணும்! மூடி வெச்சா நியாயம் எப்படிக் கிடைக்கும்? என்னையே தண்டிச்சாங்க. யாரு வேணும்னாலும் கேள்வி கேளுங்க!"

சாயாக்கடை சிகாபுதீன் எழுந்தார். "சேட்டா, உங்க மேல என்ன குற்றம்?"

"லீவு முடிஞ்சும் இருபது நாள் வீட்டுலயே இருந்துட்டேன்."

"என்ன சொல்லி லீவு வாங்கினீங்க?"

வீரபாண்டி குரலைத் தாழ்த்தினார். "அது... ராணுவ ரகசியம்."

"இப்பத்தானே மூடி வைக்கக் கூடாதுன்னீங்க?"

கூட்டம் சிரித்தது. வேறு வழியில்லாமல் அவர் முனகினார். "பொண்டாட்டி செத்துட்டான்னு."

முன்வரிசையில் இருந்த அவர் மனைவி அமுதவள்ளி மெல்ல எழுந்தாள்.

"அப்போ கர்னல் நம்ம வீட்டுக்கு அனுப்பிவெச்ச அந்தப் பெரிய மலர்வளையம், நம்ம கல்யாண நாளுக்கு இல்லையா?"