கன்னடத்துல என்ன சொன்னாரு?

வாய் கூசாம பொய் சொன்னாரு ஆஞ்சப்பண்ணன். அதுவும் பெத்தவகிட்ட.

பெங்களூரு ஆஸ்பத்திரி. அண்ணனோட எட்டு வயசுப் பொண்ணு முனிலட்சுமி கண்ணுல டார்ச் அடிச்சுப் பாத்த டாக்டர், அண்ணன், நான்னு எங்க ரெண்டு ஆம்பளைங்க பக்கம் திரும்பி, "நோடப்பா"ன்னு மூக்கால ஆரம்பிச்சு எல்லாத்தையும் கன்னடத்துல சொல்லிட்டாரு.

போன வருஷம் வந்த ரத்தப் புத்துநோய் திரும்பிடுச்சு. இந்தத் தடவ கண்ணுக்குள்ள எறங்கியிருக்கு. அப்போ சீமையிலருந்து வரவழைச்சுக் குடுத்த புது மாத்திரை இனிமே கேக்காது. வலி தெரியாம வெச்சுக்கலாம், அவ்வளவுதான்.

நாங்க என்னடான்னா, கண்ணு செவந்திருக்குன்னு ஊர்ல நந்தியாவட்டைப் பூவ ஒத்திக்கிட்டு உக்காந்திருந்தோம்.

சென்னம்மா அண்ணி பாரூர்க்காரி. கன்னட எல்லையில இருக்கற எங்க பாகலூருக்கு வாக்கப்பட்டு இத்தன வருஷமாகியும் அவங்க கன்னடம், சாப்டாச்சான்னு கேக்கற "ஊட்டா ஆய்த்தா"வத் தாண்டல. அத அவங்க மாதிரியே இழுத்துப் பேசிக் காட்டி வம்பு பண்றதுதான் எனக்கு வேலை.

என்னங்க சொல்றாருன்னு அண்ணி கேட்டாங்க.

அண்ணன் சிரிச்சாரு. "ஒடம்புச் சூடாம். சொட்டு மருந்து ஊத்தினா தெளிஞ்சிடுமாம்."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. என்ன மனுசன் இவரு? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்தப் பொம்பள தாங்குமா? நாமளே சொல்லிடலாம்னு வாயத் தொறந்தேன். அண்ணன் என் கையப் புடிச்சு நெரிச்சாரு.

அண்ணி எங்க மூஞ்சிய மாத்தி மாத்திப் பாத்தாங்க. நம்பல. சட்டுனு மக பக்கம் திரும்பிட்டாங்க.

"ஏண்டி, நீதான் நாளெல்லாம் தெருவுல கன்னடத்துப் புள்ளைங்களோட கத்திக்கிட்டுத் திரியறியே. டாக்டர் என்ன சொன்னாரு, நீ சொல்லு."

அண்ணன் மூஞ்சில ரத்தமே இல்ல. ரெண்டு தடியனுங்களும் அத மறந்தே போயிருந்தோம். எங்கள விட அவளுக்குத்தான் கன்னடம் சுத்தமா வரும். அவளப் பக்கத்துல வெச்சுக்கிட்டே அவ்வளவையும் கேட்டிருக்கோம்.

முனிலட்சுமி அப்பன ஒரு பார்வ பாத்தா. அப்புறம் அம்மா மடியில ஏறி உக்காந்துக்கிட்டா.

"அப்பா சொன்னதுதாம்மா. வலிக்கவே வலிக்காதாம்."